பக்கத்து சீட்டில் ஒரு பிரேக்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நான் கல்லுக்குண்டு மாதிரி நன்றாக இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வாயால் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதி, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உன் போனுக்கு இப்போதே அனுப்பச் சொல்கிறேன், முழுசாகப் படி.

நான் வண்டி ஓட்டினால் அப்பா பக்கத்து சீட்டில் என்ன பாடுபடுவார் என்று உனக்குத் தெரியுமே. எனக்கு முந்தி அவர் கால் பிரேக் போடும். வெறும் ரப்பர் விரிப்பை மிதித்து மிதித்து ஓட்டையே போட்டுவிட்டார். அந்தப் பக்கம் பிரேக் கிடையாதுங்க, காலை வச்சுக்கிட்டுச் சும்மா வாங்கன்னு நான் கத்தாத நாள் இல்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகு புது விரிப்பு போட்டேன், அந்த சீட்டில் யாரையும் உட்கார வைக்கவில்லை, காய்கறிப் பைகூடப் பின்னால்தான். போன மாதம் பள்ளிக்கூட இறக்கத்தில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. மிதித்தேன், பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான் நம் கதை என்று கண்ணை மூடிவிட்டேனடி. பக்கத்தில் ரப்பர் விரிப்பு கிறீச்சென்றது. கண்ணைத் திறந்தால் வண்டி லாரிக்கு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. மெக்கானிக் வந்து கட்டி இழுத்துப் போய்ச் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் பேடு மொத்தமா தேஞ்சு இரும்போட இரும்பு உரசுதும்மா, எண்ணெயும் ஒழுகிப்போச்சு, இது எப்படி நின்னுச்சுன்னு என்னையே கேட்டார். அப்புறம், பக்கத்துல வர்றவரு ரொம்பப் பயந்தாங்கொள்ளியோ, விரிப்பை இப்படித் தேய்ச்சிருக்காரேன்னு சிரித்தார். குனிந்து பார்த்தேன், புது விரிப்பில் அதே இடத்தில் ஓட்டை.

பேடு, டிஸ்க், எண்ணெய்க் குழாய் எல்லாம் மாற்றி, தகுதிச் சோதனையிலும் வண்டி தேறிவிட்டது. இப்போது தொட்டால் நிற்கிறது. ஆனால் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. இறக்கத்தில் வேண்டுமென்றே வேகமாய்க்கூடப் போய்ப் பார்த்தேன், திட்டாதே. ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதேன். இப்படியிருக்க, நேற்று நீ என்ன சொன்னாய்? உன் பழைய காரில் பிரேக் கரகரவென்று கத்தியது தானாக நின்றுவிட்டதாம், பெடல் மட்டும் கொஞ்சம் ஆழமாகப் போகிறதாம், ஆளில்லாத பக்கத்து சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லி மணி அடித்துக்கொண்டே வருகிறதாம், சென்சார் கோளாறாம். அடி அசடே, தேய்ந்த பிரேக் தானாக வளருமா? உன் அப்பா என்றைக்காவது பெல்ட் போட்டிருக்கிறாரா?

இதைப் படித்ததும் சாவியை மாப்பிள்ளையிடம்கூடக் கொடுக்காதே, மெக்கானிக்கை வீட்டுக்கே வரச்சொல். அப்பா மூட்டுவலிக்காரர், எத்தனை நாள்தான் மிதிப்பார், பாவம். நீங்கள் இரண்டு பேரும் குறைவில்லாமல் நீண்ட நாள் வாழ என் ஆசி. மறந்துவிடாதே, பிரேக் சரியானதும் அப்பாவை இங்கே அனுப்பிவிடு. நம் வண்டி நன்றாக நிற்கிறது, சும்மா உட்கார்ந்து வந்தால் போதும், நான் கத்தமாட்டேன் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா