பிஜிலியின் வாய்

1946 பிப்ரவரி 4, திங்கள்

அடையாறு கடற்கரையில் சவாரி கற்கப் புதிதாக நான்கு பேர். பட்டாளத்தில் பன்னிரண்டு வருடம் சவாரி பழக்கியவன் நான். கையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். லஸ் வக்கீல் சுந்தரராமனுக்குக் கிணற்றுக்கயிறு இழுக்கிற கை. ரேஸில் கழித்துவிட்ட பிஜிலியை வாங்கியிருக்கிறார். சாதுவான பெட்டைக் குதிரை. அரைமணி நேரத்தில் அதன் வாயோரம் ரத்தம். "கடிவாளத்தை இளக்கிப் பிடிங்க சார்" என்றேன்.

"குதிரை என்னோடது, மிஸ்டர் மரியதாஸ்."

பிப்ரவரி 9

சேணத்துக்கடியில் மணல். பிஜிலியின் முதுகுத் தோல் உரிந்துவிட்டது. ஒரு வாரம் ஏறக்கூடாது என்று முந்தாநாள்தான் சொன்னேன். இன்று ஏறி வந்திருக்கிறார்.

பிப்ரவரி 17, ஞாயிறு

பொறுமை போய்விட்டது. அவர் மனைவி வேம்பு காரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோர் முன்னாலும், "கடிவாள இரும்பை ஒரு நிமிஷம் நீங்க கடிச்சுப் பாருங்க" என்றேன். மறுத்தால் கோழை என்பார்களே என்று வாயில் வாங்கிக்கொண்டார். இழுத்தேன் — தேவைக்கு மேலேயே. உதடு கிழிந்தது. எச்சில் சட்டையில் வழிந்தது.

"இப்ப தெரியுதா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

குதிரை பார்த்துக்கொள்ளும் ஹபீபுர் ரஹ்மான் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னா சார் இது. இந்தக் கோவத்த அவரு யார் மேல காட்டுவாரு?" உன் வேலையைப் பார் என்றேன்.

பிப்ரவரி 18

வக்கீல் வரவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

பிப்ரவரி 26

ஹபீபுர் வந்து சொன்னது: "வக்கீலு டெய்லி கொட்டிவாக்கம் வரிக்கும் பிஜிலிய ஓட்டிக்கினு போறாரு சார், உச்சி வெயில்ல. தண்ணி காட்ட உட மாட்டேன்றாரு. வாயெல்லாம் ரத்தமா கீது."

மிகைப்படுத்துகிறானா? அவன் அப்படிப்பட்டவன் இல்லை.

மார்ச் 3

மன்னிப்புக் கேட்க லஸ் வீட்டுக்குப் போனேன். வேம்பு கதவைப் பாதிதான் திறந்தார். "ஆத்துல இல்லை. இருந்தாலும் உங்களைப் பார்க்க மாட்டார்." பிறகு மெதுவாக, "அன்னிக்கு நானும் சிரிச்சுட்டேன். ரெண்டு வாரமா என்கிட்ட பேச்சில்லை. குதிரைகிட்டதான் பேசிண்டிருக்கார். 'இப்ப தெரியுதா'ன்னு கேட்டுண்டே இழுக்கறார்."

மார்ச் 7

பாலவாக்கம் சவுக்குத்தோப்பருகே பிஜிலி விழுந்துவிட்டது. முன்கால் முறிவு. நாக்கு பாதி அறுந்திருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் மூன்று மணி நேரம் வெயிலில் கிடந்திருக்கிறது. வக்கீல் மர நிழலில் உட்கார்ந்திருந்தார். கால்நடை டாக்டர் வந்து சுட்டார். முதல் குண்டில் சாகவில்லை.

"உங்க பாடம் நன்னா புரிஞ்சுது, மிஸ்டர் மரியதாஸ்" என்றார்.

அடிக்கத்தான் போனேன். கை எழவில்லை. யார் இழுத்த இழுப்பு இது? நான்தானே — நான்தானே ஆரம்பிச்சு வெச்சேன்.

ஏப்ரல் 14, குருத்தோலை ஞாயிறு

சுந்தரராமன் இன்னொரு குதிரை வாங்கியிருக்கிறார். மூன்று வயது. நான்தான் சவாரி கற்றுத்தர வேண்டுமாம். மறுத்தால் அது அவரிடம் தனியாக மாட்டிக்கொள்ளும். ஒப்புக்கொண்டேன்.

இன்று எல்லோர் முன்னாலும், குதிரைமேல் இருந்தபடி கடிவாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சவுக்கைக் கீழே போட்டார். என்னைப் பார்த்தார். குனிந்து எடுத்துக் கொடுத்தேன். அப்போதுதான் கடிவாளப் பிடி தளர்ந்தது. கொஞ்ச தூரம் போய் மறுபடி இறுக்கினார், மறுபடி போட்டார்.

பதினான்கு முறை குனிந்தேன். குதிரையின் வாயில் ரத்தமில்லை.