இடது கை வாட்ச்

4.6, புதன்

எட்டு மணிக்கே வெயில். மதுராந்தகத்தில் ரயில் பிடித்து செங்கல்பட்டு. இவருக்கு டயாலிசிஸ், வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம். நான் வெளியே பெஞ்சில். இட்லி இரண்டு, அதுவும் ஆறியது.

டயாலிசிஸுக்காக இடது மணிக்கட்டில் இரண்டு ரத்த நரம்பைச் சேர்த்து ஆபரேஷன் ஆகி எட்டு மாதம். ஊசி அதில்தான். விரல் வைத்தால் உள்ளே கிர்ரென்று ரத்தம் ஓடும். தினம் எழுந்ததும் நான் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, பை தூக்கக் கூடாது, வாட்ச் கூடாது, அதன்மேல் படுக்கக் கூடாது; அழுந்தினால் அடைத்துக்கொள்ளுமாம். வலது கையில் நரம்பு தேறாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

5.6, வியாழன்

ஞாயிறு கொழுந்தனார் மகளுக்குக் கல்யாணம், மாமல்லபுரம் ரோட்டில் மண்டபம். இவருக்கு வாட்ச் வேண்டுமாம்.

"வலது கையில கட்டுவீங்களா?"

"கட்டித் தொலைக்கிறேன்."

பீரோவில் கிடந்த ஸ்டீல் செயின் வாட்ச். கண்ணிகளுக்கு நடுவே கறுப்பு அழுக்கு. செயினைத் தனியாகக் கழற்றி, ஷாம்பு கலந்த வெந்நீர், பழைய டூத் பிரஷ். இடுக்குகளுக்குப் பல்குச்சி. டயல் பக்கம் ஈரத்துணி மட்டும். செயினைப் பிடிக்கிற குட்டிக் கம்பி தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அரை மணி நேரம் தவழ்ந்தேன்.

"இன்னாத்த தேடிக்கினு கீற?"

"உங்க தலையெழுத்த. கால தூக்குங்க."

6.6, வெள்ளி

செங்கல்பட்டு. வாங்க வேண்டியது: வாட்சுக்கு செல், ஊக்கு, கற்பூரம். கற்பூரம் மறந்தேன்.

7.6, சனி

புழுக்கம். வலது கையில் செயின் தொளதொள. முழங்கை வரை ஏறுகிறது. ஆள் அப்படி இளைத்துவிட்டார். குண்டூசியும் குறடும் வைத்து இரண்டு கண்ணி எடுத்தேன். இப்போது கச்சிதம். வாட்ச் கண்ணாடியில் டூத்பேஸ்ட் தடவித் தேய்த்ததில் கீறல் கொஞ்சம் மங்கியது. கட்டிப் பார்த்து, "எவன் கையோ மாதிரி கீது" என்றார். எனக்கு எரிச்சல்.

8.6, ஞாயிறு

மண்டபத்தில் காற்றே இல்லை. பந்தியில் பக்கத்து இலை, மாப்பிள்ளை வீட்டு ஆள். இவர் இடது கையைப் பார்த்து, "இன்னா அண்ணாத்த, நரம்பு இப்டி முண்டிக்கினு கீது? ஒட்டிக்கிற வியாதியா?" என்று கேட்டு, இலையை நகர்த்திக்கொண்டார். இவர் பாதியில் எழுந்துவிட்டார்.

கை கழுவுமிடத்தில் துண்டால் கையை மூடிக்கொண்டு நின்றார். "தேவி, வூட்டுக்குப் போலாம்." அழுதுவிடுவார் போலிருந்தது.

நான்தான் வாட்சை வலது கையிலிருந்து கழற்றி இடது கையில் கட்டினேன். கொஞ்சம் இறுக்கம்தான், இந்தக் கை தடித்திருக்கிறது. தழும்பும் நரம்பும் மறைந்தன. "போட்டோ எடுக்குற வரிக்கும்தான்" என்றேன். மேடை ஏறினார். சிரித்தார்கூட. அழகாக இருந்தார்.

அப்புறம் ஆளாளுக்குப் பேச்சு, மறந்துவிட்டேன். திரும்பும்போது வேனில் அந்தக் கைமேல் தலை வைத்துத் தூங்கிவிட்டார். நானும் தூங்கிவிட்டேன். வீட்டில் கழற்றினால் தோலில் கண்ணி கண்ணியாகத் தடம்.

9.6, திங்கள்

காலையில் எழுந்ததும் அந்தக் கையைத் தொட்டேன். ஓட்டம் இல்லை. இடம் மாற்றி மாற்றித் தொட்டேன். காது வைத்தேன். என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. பாவி நான்.

"இன்னா?" என்றார்.

"ஒண்ணுமில்ல, கெளம்புங்க."

டாக்டர் அழுத்திப் பார்த்தார். அடைத்துவிட்டதாம். அடைப்பைத் திறந்து பார்ப்பார்கள், நம்பிக்கை குறைவுதான். இனி கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ். அதில் கிருமி ஏறினால் உயிருக்கே ஆபத்து என்றார்.

"கையில எதாவது இறுக்கமா கட்டினீங்களா?"

"இல்ல சார்." நான் வாய் திறப்பதற்குள் இவர் சொல்லிவிட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டர் என்னைக் கேட்டார்.

"இல்ல சார்."

குழாய் போடச் சம்மதம் என்று ஒரு தாள். அதிலேயே மேலே சிஸ்டர் எழுதியிருந்தார்: கையில் எதுவும் கட்டவில்லை. கீழே கையெழுத்து போட்டேன்.