வெட்டிய இருபது நிமிடம்

ஐந்தாம் நாள், 09:10
நிலவு, வடமுனை நிலையம். எழுதுவது அருள்தாசன், கணினி டெர்மினல் பயிற்சியாளர். மறுபக்க நிலையத்தில் தனியாக இருக்கும் பேச்சியம்மாளுக்கு இன்று ஒரு பாடம் அனுப்பினேன்: நின்றுபோன ஆக்சிஜன் கலனை மறுபடி இயக்குவது. நான் தட்டும் கட்டளையும் திரை தரும் பதிலும் எழுத்தாகவே பதிவாகும். அவள் அதை அங்கே ஓட்டிப் பார்ப்பாள். வீடியோ அனுப்ப இணைப்புக்குத் தெம்பு கிடையாது. செயற்கைக்கோள் நாளைக்கு மூன்று தடவை தலைக்கு மேல் வரும். அந்தச் சில நிமிடம்தான் யாரோடும் பேச முடியும்.

போன பாடத்துக்கு அவள் எழுதியது: "அண்ணே, பாதி நேரம் திரை சும்மா கெடக்கு. ஒறக்கந்தான் வருது. நீங்க டீ குடிக்கப் போறதெல்லாம் நான் பாக்கணுமா?"

ரோஷம் வந்துவிட்டது. இரண்டு வினாடிக்கு மேல் நீளும் இடைவெளியை எல்லாம் வெட்டிவிடும்படி பதிவுக் கருவியை மாற்றினேன். நான்கே நிமிடத்தில் பாடம் கச்சிதமாக முடிந்தது.

ஏழாம் நாள், 06:15
அவளிடமிருந்து: "ஆக்சிஜன் கலன் நின்னு போச்சுண்ணே. பயப்படாதீங்க, உங்க பாடம் இருக்குல்லா. பாத்து அப்படியே தட்டிருதேன்."

"ஜமாய்" என்று பதில் அனுப்பினேன். இணைப்பு போனது.

06:40
சும்மா இருக்க முடியாமல் பாடத்தை ஓட்டினேன். உள்வால்வை மூடும் கட்டளை. இரண்டு வினாடி. வெளிவால்வைத் திறக்கும் கட்டளை.

ஐயோ. நடுவில் கலனின் அழுத்தம் இறங்க இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். இறங்குமுன் திறந்தால் கலன் வெடித்து, நிலையத்தின் காற்று மொத்தமும் வெளியே போய்விடும். அதுவரை திரையில் ஓர் எழுத்தும் வராது. அதைத்தான் கருவி வெட்டியிருக்கிறது. காத்திருக்கச் சொல்லி ஒரு வரிகூட நான் எழுதவில்லை. பழகிய கை, எழுதத் தோன்றவில்லை.

அழைக்கிறேன், அழைக்கிறேன். அடுத்த இணைப்பு 14:15.

14:15
அவள் வரவில்லை. அவள் டெர்மினலின் பதிவு மட்டும் தானாக வந்தது. பாடத்தில் நான் செய்த எழுத்துப்பிழையைக்கூட அப்படியே செய்து, என்னைப் போலவே அழித்துத் தட்டியிருக்கிறாள். என் மேல் அவ்வளவு நம்பிக்கை. மூடினாள். உடனே திறந்தாள். எச்சரிக்கை வரிகள் திரையை நிறைத்தன. கடைசியாக: "அண்ணே உங்க பாடத்துல இப்படி வரலியே நான் எங்க தப்பு பண்ணேன்"

நீ ஒரு தப்பும் பண்ணவில்லை, தாயி. உன்னைக் கொன்றது நான்.

14:19
தலைமையகம்: "மறுபக்க நிலையத்துல காத்தே இல்ல. அந்தம்மா அவசரப்பட்டுட்டாங்களா? உடனே சொல்லுங்க."

"ஆமாம்" என்று தட்டினேன். அனுப்பியும் விட்டேன். சீ, நானும் ஒரு மனிதனா.

14:22
தலைமையகம்: "சரி. உங்க பாடம் சுருக்கமா நல்லாருக்கு. மத்த ஆறு நிலையத்துக்கும் அனுப்பிட்டோம். சாயந்தரம் நாலு மணிக்கு எல்லாருமே பயிற்சிக்காகக் கலனை நிறுத்தி மறுபடி இயக்கிப் பாக்கறாங்க."

14:23
தட்டுகிறேன்: அந்தப் பாடத்தை ஓட்டாதீர்கள். அவள் அவசரப்படவில்லை. நான் பொய் சொன்னேன். நடுவில் இருபது நிமிடம்

இணைப்பு இல்லை. அடுத்த இணைப்பு 22:15.