சிவப்பு ஆட்டக்காரர்

செவ்வாய், மேற்குப் பனிக்கிணறு
நாள் 212. காலை 7.10
அழுத்தம் சரி. காற்று உருளைகள் ஆறு. எழுதுபவன் காவலாள் வேலப்பன். எழுத்துக் கற்று நாலு மாதம் ஆகிறது. கண்ணில் பட்டதையெல்லாம் படித்துப் பார்க்கிறேன், மருந்துச் சீட்டு உட்பட.

கிழக்குக் கிணற்றில் என் மனைவி காத்தாயி காவல். நடுவே நூற்றைம்பது கிலோமீட்டர் புழுதி. வேலை முடிந்ததும் இருவரும் கணினியில் ஒரு விளையாட்டு ஆடுகிறோம். பார்க்கச் சகிக்காது. நான் மஞ்சள் கட்டம், அவள் சிவப்புக் கட்டம். ஆளுக்கொரு முனையில் பலகையைப் பிடித்துக் குழிகளைத் தாண்ட வேண்டும். அவ்வளவுதான். நேற்று மூன்று மணி நேரம் ஆடினோம். வயிறு நோகச் சிரித்தேன். வானொலியில் அவள்: "ஏங்க, அம்புட்டுத் தூரத்துல இருந்துக்கிட்டே என்னையக் குழியில தள்ளுறீங்களே, பக்கத்துல இருந்தா என்ன செய்வீங்க?"

நாள் 214. பகல் 1.30
புயல். காற்று இயந்திரம் நின்றது. இனி மூச்சுக்கு உருளைதான். அவளுடைய வானொலிக் கம்பம் சாய்ந்தது. சாயுமுன் சொன்னாள்: "இங்கயும் மிசினு நின்னுபோச்சு. ஆட்டத்த மட்டும் விட்டுராதீங்க."
விளையாட்டின் இணைப்பு வேறு தடத்தில், அது அறுபடவில்லை. சிவப்புக் கட்டம் தாவுகிறது. இருக்கிறாள்.

நாள் 217. காலை 9.00
உருளைகள் இரண்டு. இன்று பதினொரு குழி தாண்டினோம். இத்தனை தாண்டியதே இல்லை. அவசரக்காரி, இப்போது எனக்காக நின்று நின்று தாவுகிறாள். எனக்கு ஒரே பெருமை.

நாள் 218. காலை 8.20
மீட்பு வண்டி ஓட்டுநர் ஜெரால்டு: "பெரியவரே, ஒரு பக்கந்தான் போக முடியும். கிழக்குல பதில் இல்ல. உங்ககிட்ட வரேன்."
நான் சொன்னேன்: "இப்பத்தான் தாவுனா. அங்க போங்க."

பகல் 12.40
கடைசி உருளை. ஆட்டத் திரையின் அடியில் எறும்பு வரிசை போலச் சாம்பல் நிறத்தில் ஒரு வரி. இத்தனை நாள் கோடு என்றிருந்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூன்று முறை.
'சிவப்பு ஆட்டக்காரர் நாள் 215 மாலை முதல் அசையவில்லை. அவருக்குப் பதிலாகக் கணினி ஆடுகிறது.'

பகல் 1.05
ஜெரால்டு: "பாதி வழி வந்தாச்சு. அம்மா ஆடுறாங்கதான? இல்லன்னா இப்பவே உங்க பக்கம் திரும்பணும். இதுக்கு மேல போனா உங்ககிட்ட வர முடியாது."
இந்தப் புயலோடு இரண்டு கிணற்றையும் கைவிடப் போவதாக அறிவித்துவிட்டார்கள். வண்டி திரும்பினால் அவள் கதவை இனி யாரும் திறக்கமாட்டார்கள்.
"ஆடுறா" என்றேன்.

பகல் 3.50
உருளை தீரப் போகிறது. எழுத்து கோணுகிறது. ஜெரால்டு தம்பி, பொய் சொன்னேன், மன்னிக்கவும். அவளை அங்கே விட்டுவிட்டு வராதே. போர்வையோடு தூக்கு. தலையையும் மூடு. அவளுக்குக் குளிர் ஆகா