மூன்றாம் தரம் கூறாத தூக்குச்சட்டி

கரோல் பாக், தில்லி
நவம்பர் 16

அன்பு மகள் அகல்யாவுக்கு அப்பா கருப்பசாமி எழுதுவது. நான் இங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளை கார்த்தியும் அந்தக் கால்கரி ஊர்ப் பனியில் வழுக்காமல் முழு எலும்போடு இருக்க மலை மந்திர் முருகன் பார்த்துக்கொள்ளட்டும். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன் தாயி, பிறகு வேறு யார் மூலமாவது தெரிந்தால் மானம் போய்விடும். போன வாரம் என் கண்ணாடிமேல் நானே உட்கார்ந்துவிட்டேன். புதிதாகச் செய்யச் சோம்பல்பட்டு உன் அம்மாவின் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், எனக்கென்றே செய்ததுபோல் பளிச்சென்று தெரிகிறது. அதே ரோஜாக் கலர் பிரேம், காதோரம் பூ, கழுத்தில் தொங்க முத்துக் கயிறு. கீழ்வீட்டு ரோஹிணி வாயைப் பொத்திக்கொண்டு, அங்கிள் உங்களுக்கு எடுப்பா இருக்கு என்றாள். எடுப்பாகத்தான் இருக்கிறது. அதோடு இரண்டு நாள் மீட்டிங்குக்கே போய்வந்துவிட்டேன், இப்போதும் அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு நான் பதில் சொல்லாமல் தமாஷ் பேசி வைத்துவிட்டேன். அப்பா, ஊர்ச் சாமானையெல்லாம் ஏலம் விடறீங்க, அம்மா சாமானை மட்டும் ஆறு மாசமா தொடாம வச்சிருக்கீங்க, எல்லாத்தையும் குடுத்துட்டு வீட்டைக் காலி பண்ணிட்டு ஜனவரில இங்க வந்துடுங்க, ஜல்தி ஒரு முடிவு சொல்லுங்க என்றாய். நீ கேட்டதில் தப்பில்லை. ஆனால் போனில் எனக்குத் தமாஷ் மட்டும்தான் வருகிறது, வேறெதுவும் தொண்டையைத் தாண்டுவதில்லை, அதனால்தான் என் அஞ்சாங்கிளாஸ் கையெழுத்தில் இதை எழுதுகிறேன். நீ எழுத்துக்கூட்டிப் படிப்பாய் என்று தெரியும், மாப்பிள்ளை வாசித்துக் காட்டட்டும். மதுரைக்காரரைக் கட்டியதில் அந்த ஒரு லாபமாவது இருக்கட்டும்.

மீட்டிங் என்றேனே, அது ஏலக்காரர்களுக்கான பாடம். இப்போது முக்கால்வாசி ஏலம் கம்ப்யூட்டரில் நடக்கிறது, ஆபீஸ்களில் கழித்துப்போட்ட நாற்காலி பீரோவை நாங்கள் நேரில் நின்று கூவுவது குறைந்துபோனது, அதனால் எல்லா ஊர் ஏலக்காரர்களையும் கூப்பிட்டு இங்கே மெட்ரோ பக்கத்தில் ஒரு கல்யாண ஹாலில் இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள். கம்பெனியில் என்னைத்தான் போகச் சொன்னார்கள், முப்பது வருஷமாகக் கூவுகிறவன் நான் ஒருத்தன்தானே. முதல் நாள் காலை முழுக்க ஒருத்தருக்கொருத்தர் அறிமுகம் செய்துகொள்ள வேண்டுமாம். எல்லோரும் விசிட்டிங் கார்டை நீட்டுகிறார்கள், என்னிடம் ஏது? நானும் சளைக்கவில்லை, ஒருத்தர் கொடுத்த கார்டின் பின்னால் என் போன் நம்பரை எழுதி அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டே போனேன். மத்தியானம் ஜெய்ப்பூர் அர்விந்த்ஜி வந்து, பாயி சாஹப், என் கார்டையே எனக்குத் தந்திருக்கிறீர்கள் என்று சிரித்தார் பார், ஹால் முழுக்கக் கேட்டது. பழைய அரண்மனைச் சாமான் ஏலம் விடுகிற பெரிய ஆள், ஆனால் கர்வம் கிடையாது, இரண்டு நாளும் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பாடம் எடுத்தது மேதா என்று ஒரு பெண், உன் வயதுதான், சரோஜினி நகரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவளும் உன்னை மாதிரிதான், பாதித் தமிழ் பாதி இந்தி, அங்கிள் நீங்க பேட்டுங்க என்று உட்காரச் சொன்னாள். அவள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், எந்தச் சாமானையும் மேசைமேல் வைக்கும் முன்னால் அது யாருடையது என்று சரிபார் என்பது. இதை எனக்கே சொல்லித்தருகிறாளே என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் ஆளுக்கொரு பொருள் வீட்டிலிருந்து கொண்டுவந்து, அதன் கதையைச் சொல்லி, விளையாட்டு நோட்டு வைத்து ஏலம் விட்டுக் காட்ட வேண்டும். நான் சுத்தமாக மறந்துவிட்டேன். கையில் இருந்தது சாப்பாடு கொண்டுபோன தூக்குச்சட்டி ஒன்றுதான். தயிர்ச்சாதத்தை அவசரமாக முடித்து, குழாயில் கழுவித் துண்டால் துடைத்து மேசைமேல் வைத்தேன். ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு கேட்டால் உற்சாகம் வந்துவிடும், உனக்குத் தெரியாதா? உன் அம்மா பெயரையே வைத்து எடுத்துவிட்டேன். ஜனங்களே, இது லீலாவதி மகாராணி ஆண்ட பாத்திரம், ஒரு பக்கம் நசுங்கியிருப்பது ராஜா வீட்டுக்கு நேரம் கழித்து வந்த அன்றைக்கு விழுந்தது, இதில் புளியோதரை மூன்று நாள் கெடாது, பொய் சொன்னால் அரை நிமிஷத்தில் புளித்துவிடும் என்று இந்தியில் அடித்துவிட்டேன். சபை குலுங்கியது. மகாராணி கண்ணாடியைக் கழற்றினால் இதற்குள்தான் போடுவாள், அலமாரியில் வைத்தால் மறந்துவிடுமாம், மகாராணி போன பிறகு ராஜா வீடெல்லாம் கண்ணாடியைத் தேடினார், பதினாறாம் நாள் காரியம் முடிந்து பாத்திரத்தை எடுத்து வைக்கும்போது உள்ளே கிடந்தது என்றேன். அதையும் சிரிக்கிற மாதிரிதான் சொன்னேன் என்று நினைத்தேன், ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதற்குள் கேட்பு ஏறிவிட்டது, அர்விந்த்ஜி தன் கையிலிருந்த விளையாட்டு நோட்டு அத்தனையும் வைத்துவிட்டார். சுத்தியலை எடுத்தேன். ஏக் என்றேன். தோ என்றேன். அதற்குமேல் வாய் வரவில்லை தாயி. முப்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை மூன்று சொல்லியிருப்பேன், சாமான்காரன் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பான், அவன் முகத்தைப் பார்க்காமலே சொல்லி அடித்துவிட்டு அடுத்த சாமானுக்குப் போய்விடுவேன். அன்றைக்குச் சுத்தியல் மேலேயே நின்றது. மேதா பக்கத்தில் வந்து மெதுவாக, அங்கிள், தீன் சொல்லவே இல்லையே நீங்க என்றாள்.

இதற்குமேல் மாப்பிள்ளையிடமிருந்து வாங்கி நீயே படி, எவ்வளவு நேரமானாலும் சரி. அம்மா போன அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு தடவை வெளியே வந்தார். முதல் தடவை நிலைமை கொஞ்சம் மோசம் என்றார். இரண்டாவது தடவை மகளுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார், அப்போதுதான் உனக்குப் போன் போட்டேன், நீ டிக்கெட்டுக்கு ஓடினாய். மூன்றாவது தடவை அந்தக் கதவு திறந்ததுமே நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போகிறவன்போல் எதிர்ப்பக்கம் நடந்துவிட்டேன். பாட்டில் நிறைந்துதான் இருந்தது. இன்னும் ஐந்து நிமிஷம்தான், உள்ளே வந்து பாருங்கள் என்று டாக்டர் சொன்னதைக் கூட வந்திருந்த கீழ்வீட்டு ராமசுப்ரமணியன்தான் நின்று கேட்டுக்கொண்டார். என்னைத் தேடி வந்து அவர் தோளைப் பிடித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா கடைசியில் என்ன சொன்னாள் என்று நீ வந்ததும் கேட்டாயே, உன்னைக் கேட்டாள் என்றேன், அது பொய். நான் உள்ளே இல்லை. குழாயடியில் நின்றிருந்தேன். முப்பத்தொரு வருஷம் கூட இருந்தவளை அந்த ஐந்து நிமிஷம் தனியாக விட்டுவிட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்லாமல் வைத்திருப்பதும் முடியவில்லை. கோபம் வந்தால் திட்டு, போனிலேயே திட்டு, நான் தமாஷ் பேசமாட்டேன்.

ஹாலில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று, பாத்திரத்தைச் சோதிக்கிறவன்போல் கண்ணாடியைப் போட்டு அதைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் தேய்ந்துபோய் பெயர் வெட்டியிருந்தது. க. அகல்யா என்று, கீழே உன் காதுகுத்துத் தேதி. காதுகுத்துக்கு ஊருக்குப் போனபோது விருதுநகரில் அம்மா வாங்கி வெட்டியிருக்கிறாள், இத்தனை வருஷம் அதில் தின்றவன் ஒரு நாளும் அடியைப் பார்த்ததில்லை. மன்னிக்கணும், இந்தச் சாமானுக்குச் சொந்தக்காரி வெளிநாட்டில் இருக்கிறாள், அவளைக் கேட்காமல் மேசைமேல் வைத்தது என் தப்பு, ஏலம் ரத்து என்று சொல்லி இறக்கினேன். எல்லோரும் கைதட்டினார்கள், முதல் பாடத்தை நாடகமாக நடித்துக் காட்டினேன் என்று நினைத்துவிட்டார்கள். அர்விந்த்ஜி மட்டும் கைதட்டாமல் எனக்கு டீ வாங்கிவந்து வைத்தார். மேதா மதிப்பெண் தாளில் குரலுக்குப் பத்து, முடித்து வைப்பதற்கு சைபர் என்று போட்டாள். சரியான மதிப்பெண்தான், அவள்மேல் குறையில்லை.

ஆகவே உன் கேள்விக்குப் பதில். ஜனவரியில் நான் வரவில்லை தாயி. உன் வீட்டில் இடமில்லாமலோ மாப்பிள்ளைமேல் வருத்தத்திலோ இல்லை. அம்மாவின் ஸ்வெட்டர் நாலைந்தை ரோஹிணிக்குக் கொடுத்தேன், அதுவரை முடிந்தது. பீரோவைத் திறந்தால் இரண்டோடு நின்றுவிடுகிறேன். எனக்கு இன்னும் கொஞ்சம் நாள் கொடு, நீயே லீவு போட்டு ஒரு தடவை வந்தால் இருவருமாகத் திறக்கலாம், நீ பக்கத்தில் இருந்தால் எனக்கு வாய் வரும். தூக்குச்சட்டி உன்னுடையது, அதனால் இன்றைக்கே கூரியரில் அனுப்புகிறேன். கடிதத்தை உள்ளே வைத்தால் தயிர்ச்சாத வாசனை அடிக்கும் என்று தனியாகத் தபாலில் போடுகிறேன். நீ காலையில் வெறும் காபியோடு ஓடாதே, மாப்பிள்ளையை ரொம்பச் சீண்டாதே, அந்த வேலை உனக்கு என்னிடமிருந்து வந்தது, அவருக்குப் பழகச் சில வருஷம் ஆகும். கூரியர் ஆள் மணியடிக்கிறான், கட்டிக் கொடுத்துவிட்டு வந்து முடிக்கிறேன்.

கொடுத்தாயிற்று. நீங்கள் இருவரும் நூறு வருஷம் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டு, அதற்காகச் சண்டையும் போட்டு, நன்றாக இருக்க வேண்டும். அம்மா இருந்திருந்தால் திருநீறு மடித்து வைத்திருப்பாள், நானும் வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது சிந்திவிடாதே. கடிதம் கிடைத்ததும் போன் செய்ய மறக்காதே.

உன் அப்பா,
க. கருப்பசாமி

பி.கு. கடைசியில் எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் இருப்பதற்குக் காரணம், கண்ணாடி இல்லை. கூரியர் ஆள் போன பிறகு வீடெல்லாம் தேடினேன். பார்சல் கட்டும்போது கழற்றித் தூக்குச்சட்டிக்குள் போட்டிருக்கிறேன். வந்து சேர எட்டு நாள் ஆகும் என்றான். மூடியைச் சாய்க்காமல் திறக்கவும்.