மாமன் மடி

தை மாதம், ஞாயிறு, இரவு

இன்று உறையூரில் பேத்திக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் என் மகன் குமார். எல்லையில் சண்டை முடிந்து லீவில் வந்த நாளிலிருந்து அவன் கை நடுங்குகிறது. காப்பி டம்ளர்கூட நிற்பதில்லை. அங்கே என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியமும் இல்லை. அக்கா குழந்தையை அவன் இதுவரை தூக்கியதே கிடையாது.

காலையில், "கீழ போட்டுடுவேன்ப்பா, வேற யாரையாவது உட்கார வைங்க" என்றான். நான் பெரிய மூளைக்காரன் மாதிரி என் தம்பி மகன் ரவிக்குப் பட்டு வேட்டி கட்டித் தயாராக வைத்தேன்.

மகள் யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய்க் குழந்தையைக் குமார் மடியில் வைத்தாள். "எம்புள்ளைக்கு மாமன் நீதான்டா. நடுங்குனா நடுங்கட்டும், பிடி."

ஆசாரி ஊசியை எடுத்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். குழந்தை வீறிட்டது. திறந்து பார்த்தால் குமார் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. பிடி மட்டும் தளரவில்லை. "அவ்ளோதான்டா தங்கம், மாமா இருக்கேன்" என்று இரண்டாவது காதையும் திருப்பிக் காட்டினான்.

ரவி என் காதருகே வந்து, "பெரியப்பா, வேட்டியைத் திருப்பித் தரணுமா?" என்றான்.

"நீயே வச்சுக்கடா."

பந்தியில் மனைவி கண்ணைத் துடைத்தாள். நான் சாம்பார் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். மகள் வந்து குழந்தையைக் கேட்டாள். "நீ போய் சாப்பிடுக்கா, இவ என்கிட்டயே இருக்கட்டும்" என்றான் குமார்.

எனக்கு ஏதோ நானே ஜெயித்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது. நான் செய்ததெல்லாம் கண்ணை மூடிக்கொண்டதுதான்.