கச்சம் வைத்துக் கட்டிய அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை என் கூத்துப் பெட்டியைத் திறந்தேன். தெருப் பிள்ளைகள் சித்திரைத் திருவிழாவுக்கு நாடகம் போடுகிறார்களாம், ராணி வேஷத்துக்கு உடுப்பு வேண்டுமாம். மூடியைத் தூக்கியதும் பழைய அரிதாரத்தின் வாசனை எழுந்து முகத்தில் அறைந்தது. சரிகை வைத்த ரவிக்கையை ஆசையோடு மாட்டிப் பார்த்தேன். அது என் முழங்கையைத் தாண்ட மறுத்துவிட்டது. ஒரு காலத்தில் அதைப் போட்டுக்கொண்டு நான் மேடையேறினால், செவிலிமேட்டிலிருந்து முசரவாக்கம் வரை மூன்று நாளைக்கு எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. ஜனங்கள் என் அழகைப் பேசியே வயிறு நிரப்பிக்கொள்வார்கள். நீ உயிரோடு இருந்தால், "ஆமாண்டா, பொண்ணு கேட்டுக்கூட வந்தாங்க" என்று சேர்த்துச் சொல்லியிருப்பாய்.

ரவிக்கைக்குக் கீழே உன் கருநீலக் கட்டம்போட்ட சேலை கிடந்தது. அன்று நீ கொடுத்தது, நான் திருப்பித் தரவே இல்லை. அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவன், மதியம் வரை எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்து, "மாமாவுக்கு இன்னா ஆச்சு, சும்மா குந்திக்கினு சிரிக்கிறாரு" என்று பேசிக்கொண்டு போனார்கள்.

அந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். உன் வீட்டுக்காரர், என் மாமா, கோயில் குளத்துப் பாசிப் படியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டார். ஊரைப் பொறுத்தவரை உடைந்தது ஒரு கால்தான். மாமா போட்ட சத்தத்தைக் கேட்டவர்கள் கோபுரமே சாய்ந்துவிட்டதென்று ஓடி வந்தார்கள். தறியில் கல்யாணச் சேலை ஒன்று பாதியில் நின்றது. அரக்கு உடல், பச்சைக் கரை. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. கூறைப்புடவை வராவிட்டால் அந்தப் பெண் எதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்காருவாள்? தெருவில் எல்லாத் தறியிலும் கல்யாண வேலை, கைமாற்ற ஆளில்லை.

நீ கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமாவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, கரைக்கு ஊடை ஓட்டும் சின்ன நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தவள். எந்த இழை எப்போது தூங்கும், எப்போது முறுக்கிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். ஆனால் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிப்பது ஆம்பளை வேலை என்று தெரு வைத்திருந்தது. நீ யாரிடமும் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு இறங்கி உட்கார்ந்தாய். சேலை கணுக்கால்வரை தொங்கினால் ஓரம் மிதிகட்டையில் சிக்கும், மிதிக்க முடியாது. அதனால் கால்களுக்கிடையே கொடுத்துப் பின்னால் செருகி, வேட்டிக்குக் கச்சம் வைப்பதுபோலக் கட்டிக்கொண்டாய். காரியம் அவ்வளவுதான். அதற்குப் பாலாறே திரும்பிக்கொண்டு மேற்கே ஓடியதாகத் தெருவில் பேச்சு.

நம் தெருவுக்குத் தலைவர் பெரியநைனா. எல்லாருக்கும் அவர் பெரியநைனாதான், அவரைப் பெற்றவர்கூட அப்படித்தான் அழைத்திருப்பார் என்பது என் கணிப்பு. அவர் உன் வாசலில் வந்து நின்று தீர்ப்புச் சொன்னார்.

"பொம்பளை தறியில குந்தக்கூடாதுன்னு நான் சொல்லலம்மா. கச்சம் கட்டக்கூடாது. தெருவுக்குன்னு ஒரு மானம் இருக்குதில்ல?"

எவ்வளவு நேர்த்தியான தீர்ப்பு பார். தறியில் உட்காரலாம், ஆனால் உட்கார்ந்தால் நெய்ய முடியாத உடுப்பில்தான் உட்காரலாம். வாயைப் பூட்டிவிட்டு, சாப்பிடு என்று இலை போட்ட மாதிரி. இரண்டு தெரு தள்ளிச் சந்நிதித் தெரு மாமிகள் மடிசாருக்குக் கச்சம் வைத்துக்கொண்டு பெருமாள் சேவிக்கப் போனால் அது ஆசாரம். பிரம்மோற்சவத்தில் ஒரு காலை பெருமாளே சேலை கட்டிக்கொண்டு பல்லக்கில் வருகிறார். அப்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களில் முதல் ஆள் பெரியநைனா. நீ கட்டினால் மட்டும் மானம் போகிறது.

நீ அழவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். மாமா உள்ளேயிருந்து, "வுடு, கல்யாண வூட்டுக்குச் சொல்லி அனுப்பிடலாம்" என்றார். அதைக் கேட்டபோதுதான் உன் முகம் சுருங்கியது.

உலக வரலாற்றின் மிகப் பெரிய யோசனை அப்போதுதான் என் தலையில் உதித்தது.

"அக்கா, உன் சேலை ஒண்ணு குடு."

"எதுக்குடா?"

"உங்க பெரியநைனா ரெண்டாவது வாட்டி இந்த வூட்டு வாசப்படி ஏறாத மாதிரி பண்றேன்."

"கோமாளித்தனம் பண்ணாத. இது என் தறி."

திட்டிக்கொண்டே சேலையையும் எடுத்துக் கொடுத்தாய். நானும் பண்ணினேன். சவுரி வைத்துக் கொண்டை போட்டு, உன் கருநீலச் சேலையைக் கச்சமாகச் செருகி, தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவை அகலத் திறந்துவைத்துக் குழியில் இறங்கி உட்கார்ந்தேன். திட்டம் இதுதான்: அவர் வந்து கத்துவார், நான் முந்தானையை விலக்குவேன், தெரு சிரிக்கும், அவர் வெட்கத்தில் வேலூருக்குக் குடிபோவார். கதவு திறந்தே இருக்க, அவர் வருவதற்குள் நானும் சும்மா இருக்கக்கூடாதே என்று நெய்தேன். நான் நெசவு கற்றவன்தான். ஆனால் என்னைக் கண்டால் பட்டுக்குப் பயம். அரை மணி நேரத்தில் ஆயிரம் இழை அறுந்தது, மீதி இழைகள் தற்கொலைக்குத் தயாராக இருந்தன. நீ பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாய்.

பெரியநைனா வந்தார். தெருவிலிருந்தே கூவினார்.

"யாரும்மா அது? அக்கம்பக்கம் பார்க்குற மாதிரி கச்சத்தைக் கட்டிக்கினு குந்தியிருக்கிறது? சொன்னது காதுல வுழல?"

நான் முந்தானையை விலக்கி, ராணி வேஷத்துக்கு வைக்கும் அதே சிரிப்பை வைத்தேன்.

அவர் கத்தவில்லை, வெட்கப்படவும் இல்லை. பெருமூச்சு விட்டார்.

"அடச்சே, நீயா? நான் யாரோ பொம்பளைன்னு நெனச்சேன். நெய்யுடா, நெய்யு." திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார்.

என் மாபெரும் யோசனை அங்கேயே செத்தது. அவர் போனால் போகட்டும் என்று நான் இளித்துக்கொண்டிருந்தேன். அவர் என்ன சொல்லிவிட்டார் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. உனக்குத்தான் பிடிபட்டது.

"பெரியநைனா, செத்த நில்லுங்க."

நின்றார்.

"அது என் சேலை. என் தறி. நேத்து நான் கட்டின அதே கச்சம். அவன் கட்டினா நெய்யி, நான் கட்டினா மானம் போயிடுது. அப்போ தப்பு கச்சத்துல இல்லியா? எங்கிட்டயா இருக்குது?"

எதிர்வீட்டு வாசல்களில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பெரியநைனா தன் துண்டைச் சரிசெய்தார்.

"அவன் ஆம்பளைம்மா."

"அதத்தான் நானும் சொல்றேன்."

 மாட்டிக்கொண்ட பெரிய மனிதர்கள் செய்வதையே அவரும் செய்தார்: துணியைப் பார்க்க வந்தவர்போல உள்ளே வந்தார். எவ்வளவு பெரிய தலைவராக இருந்தாலும் கை நெசவாளியின் கைதானே. துணியைக் கண்டால் தானாக நீளும். மடிப்பக்கம் சுருண்டிருந்த பாகத்தைத் தடவினார். விரல் வழுக்கிக்கொண்டு போனது. உடலும் கரையும் சேரும் இடத்தில் ஒரு மேடில்லை, பள்ளமில்லை. அதற்கு மேலே, நான் நெய்த இடத்துக்கு விரல் வந்ததும் முள்ளில் பட்டதுபோல நின்றது.

விரலை மறுபடி வழுவழுப்பான இடத்துக்கு இழுத்தார். "இந்தப் பாகம் யாரு நெய்ஞ்சது?"

"நான்" என்றாய்.

"ஆடு மேய்ஞ்ச மாதிரி இருக்குதே, இது?"

"அது உங்க ஆம்பளை."

தெரு சிரித்த சிரிப்பில் ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்துப் புறாக்கள் பறந்து செங்கல்பட்டில் போய் இறங்கின. மாமா உடைந்த காலோடு எழுந்து சிரிக்கப் பார்த்து, மறுபடி விழுந்தார். பெரியநைனா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"எழுந்துருடா."

 உனக்கு அனுமதி கொடுத்தேன் என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை, அதனால் என்னை எழுப்பிவிட்டுப் போனார். நீ கச்சத்தைச் செருகிக்கொண்டு இறங்கினாய். நான் நெய்ததையெல்லாம் பிரித்தோம். பிறகு நீ மிதித்தாய், நான் உன் பழைய இடத்தில், இடப்பக்கம், கொண்டையும் சேலையுமாக உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளினேன். உலகத்திலேயே மீசை முளைக்கிற ஒரே எடுபிடிப் பெண் நான்தான். முகூர்த்தத்துக்கு முன்னால் சேலை போய்ச் சேர்ந்தது.

நாம் ஜெயித்துவிட்டோம் என்று நான் குதித்தேன். நீ நாடாவில் இழை மாற்றிக்கொண்டே சொன்னாய்: "நான் நல்லா நெய்ஞ்சேன்னு வுட்டாருடா. நல்லா நெய்யாதவ கச்சம் கட்டினா?"

நான் குதிப்பதை நிறுத்திவிட்டு இழைக்கு முடிபோட உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அது எவ்வளவு அபூர்வம் என்பது உனக்குத் தெரியும்.

இப்போது தெருவில் பாதித் தறிகளில் பெண்கள் இறங்கி உட்காருகிறார்கள், அக்கா. கேட்டால் ஆதிகாலத்திலிருந்தே இப்படித்தான் என்கிறார்கள். பெரியநைனாவுக்குப் பிறகு அந்த இடத்தில் யாரை உட்கார வைத்திருக்கிறார்கள் தெரியுமா? சொன்னால் வைகுண்டத்திலிருந்து குப்புற விழுவாய். என்னைத்தான். மந்திரிகள் கூடும் சபைகளில்கூட இத்தனை வழக்குகள் வருமா தெரியாது. அவன் கிராப்பு வெட்டிக்கொண்டான், இவள் கை நீளமாக ரவிக்கை தைத்துக்கொண்டாள் என்று தினம் ஒன்று. எனக்குப் பெரிய மூளையெல்லாம் கிடையாது. அன்று நீ கேட்ட இரண்டு கேள்விகள் கையில் இருக்கின்றன, அவற்றை வைத்துக்கொண்டு தெருவை ஆள்கிறேன்.

போன வாரம் ஒருவர் வந்தார். அவருடைய மூத்த மகள் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. செருப்புப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிறாளாம். குடும்பப் பெண் செய்கிற காரியமா என்றார். நான் வாசலில் அவர் கழற்றிவிட்டு வந்த செருப்பைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

பிறகு கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். "சரிபா, அவ நாலு பேருக்குப் பாடம் சொல்றவ, போட்டுக்கட்டும். சின்னவளும் வேணுங்கிறாளே? அவ வூட்ல சும்மாதானே இருக்கிறா?"

"ஏன்யா, சும்மா இருக்கிறவ கால்ல வெயில் சுடாதா?" என்றேன்.

மனிதருக்கு ரோஷம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு நடுத்தெருவில் இறங்கினார். பங்குனி வெயில். நாலடி போனார், ஒரு துள்ளல். இன்னும் நாலடி, இரண்டு துள்ளல். எங்கள் கூத்தில்கூட அப்படி ஓர் அடவு நான் பார்த்ததில்லை. பிறகு நின்று, என் பக்கம் திரும்பாமல், செருப்பை மாட்டிக்கொண்டு, வீட்டுப் பக்கம் போகாமல் செருப்பு தைப்பவர் உட்காரும் மூலைப் பக்கம் நடந்தார்.